நாய்க்குச் சோறு வைப்பது யார்?

'நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை' என்று ஒரு பழமொழி உண்டு. கணினிக்குள் இருக்கும் நாய்க்கு இது பொருந்தாது. அதற்கு ஒரே ஒரு வேலைதான். எண்ணுவது. அறுபதில் தொடங்கி ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று இறங்கிக்கொண்டே வரும். பூஜ்யத்தைத் தொடுவதற்குள் மென்பொருள் வந்து மறுபடி அறுபதாக்கிவிட வேண்டும். வராவிட்டால் நாய் யாரையும் எதுவும் கேட்காது. ரீசெட் கம்பியை இழுத்துவிடும். ஓடிக்கொண்டிருந்த எல்லாம் நின்று, இயந்திரம் முதலிலிருந்து எழும்.

வாட்ச்டாக் டைமர் என்பது இதன் பெயர். காவல்நாய் என்றே எழுதுகிறேன். எண்ணை மறுபடி ஏற்றிவிடுவதைப் பழைய பொறியாளர்கள் 'நாயை உதைப்பது' என்றார்கள். பிற்பாடு மனம் இளகி, தட்டிக்கொடுப்பது, சாப்பாடு போடுவது என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்கள். வேலையிடத்தில் தமிழ் தெரிந்த சகாக்களோடு பேசும்போது நாங்கள், "டேய், நாய்க்குச் சோறு வச்சியா?" என்றுதான் கேட்டுக்கொள்வோம்.

நான் பிழைப்புக்காக எழுதுவது டிரைவர் என்கிற இயக்கி நிரல்களை. இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்கும் ஏதோ ஒரு சில்லுக்கும் நடுவில் நின்று, இரண்டையும் பேசவைப்பது இயக்கியின் வேலை. இருப்பவற்றில் மிகச் சிறியது காவல்நாயின் இயக்கி. பெரும்பாலும் சில நூறு வரிகளுக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில நூறு வரிகளுக்குள் அறுபது ஆண்டு கால வாதம் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒரு நிரல் உயிரோடு இருக்கிறது என்பதற்கு எது சாட்சி? அந்தச் சாட்சியைச் சொல்லும் தகுதி யாருக்கு உண்டு?

ஜாகாவும் கடிகாரமும்

இந்தக் கேள்வி கணினியைவிடப் பழையது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வங்கி, கிடங்கு வாசல்களில் கயிற்றுக்கட்டில் போட்டு இரவெல்லாம் காவலிருந்தவர்களை ஜாகா என்பார்கள். மலாய்ச் சொல்தான், நம் பேச்சிலும் கலந்துவிட்டது. காவலாளி கண்ணயர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பது எல்லா ஊர் முதலாளிகளுக்கும் இருந்த கவலை. 19ஆம் நூற்றாண்டிலேயே மேற்கில் இதற்கு ஒரு கருவி செய்துவிட்டார்கள். காவலாளி தோளில் ஒரு கடிகாரம் தொங்கும். கட்டடத்தின் மூலைகளில் சங்கிலியில் கட்டிய சாவிகள் இருக்கும். ஒவ்வொரு மூலைக்கும் நடந்துபோய் அங்குள்ள சாவியைக் கடிகாரத்துக்குள் நுழைத்துத் திருப்பினால், உள்ளே இருக்கும் காகிதத்தில் நேரத்தோடு அடையாளம் விழும். காலையில் முதலாளி அதைப் பார்ப்பார். திருடன் வந்தானா என்பது காகிதத்தில் இருக்காது. காவலாளி நடந்தார் என்பது மட்டும்தான் இருக்கும்.

இன்னொரு கருவி ரயிலில் வந்தது. ஓட்டுநர் ஒரு கைப்பிடியையோ கால்மிதியையோ அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மயங்கி விழுந்து அழுத்தம் விட்டுப்போனால் வண்டி தானாகப் பிரேக் போட்டு நிற்கும். கடிகாரம் விடிந்தபிறகுதான் பேசும். கால்மிதி அந்த நொடியே செயல்படும். காவல்நாய்க்கு இரண்டின் குணமும் உண்டு. குறித்த இடைவெளியில் சாட்சி கேட்கும், கிடைக்காவிட்டால் உடனே கடிக்கும்.

இரண்டுக்கும் உள்ள பலவீனமும் அதற்கு உண்டு. 2003 ஜனவரி 31 அன்று ஆஸ்திரேலியாவில் வாட்டர்ஃபால் என்ற இடத்துக்கு அருகே ஒரு பயணிகள் ரயில் வளைவில் தடம்புரண்டு 7 பேர் இறந்தார்கள். ஓட்டுநருக்கு ஓடும் வண்டியிலேயே மாரடைப்பு வந்திருக்கிறது. ஆனால் வண்டி நிற்கவில்லை. செயலிழந்த கால்களின் எடையே மிதியை அழுத்திப் பிடித்திருந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. உயிரோடு இருப்பதற்கான அடையாளத்தை, உயிர் போய்க்கொண்டிருந்த உடம்பே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. காவல்நாய்க்கு இயக்கி எழுதுகிற யாரும் மறக்கக்கூடாத சம்பவம் இது.

நிலாவுக்குப் போன இரவுக்காவலர்

அப்போலோ விண்கலங்களை வழிநடத்திய கணினியை வடிவமைத்தது எம்.ஐ.டி.யின் கருவியியல் ஆய்வகம். அழித்தெழுதக்கூடிய நினைவகம் அதில் மொத்தமே 2,048 சொற்கள்தான். அதன் வன்பொருளில் ஓர் எச்சரிக்கைச் சுற்று இருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'நைட் வாட்ச்மேன்'. நம் பாஷையில் சொன்னால் ஜாகா.

அந்த ஜாகா கவனித்தது ஒரே ஒரு நினைவக முகவரியை. எட்டெண் முறையில் 67. அங்கே இருந்தது நியூஜாப் என்ற பதிவகம். தன்னைவிட அவசரமான வேலை ஏதாவது காத்திருக்கிறதா என்று அறிய, ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும் அடிக்கடி இந்தப் பதிவகத்தை எட்டிப்பார்க்க வேண்டும். காத்திருந்தால் வழிவிட வேண்டும். சுமார் 0.64 முதல் 1.92 வினாடிவரை யாருமே எட்டிப்பார்க்கவில்லை என்றால், ஏதோ ஒரு நிரல் எங்கோ சுழலில் மாட்டிக்கொண்டது என்று பொருள். ஜாகா கணினியை மறுபடி தொடங்கவைப்பார்.

இங்கே சோறு வைப்பது தனிச் சடங்கல்ல. 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்வதற்காக யாரும் தனியாக ஒரு வரி எழுதவில்லை. அடுத்தவருக்கு வழிவிடுவது என்ற உண்மையான வேலை நடந்தால், அதன் துணைவிளைவாக நாய்க்குச் சோறு விழுகிறது. வேலை நடக்காமல் சோறு மட்டும் விழுவதற்கு வாய்ப்பு குறைவு. இதற்குப் பிறகு வந்த எத்தனையோ நவீன இயந்திரங்களில் இந்த ஒழுங்கு இல்லை.

இன்னொன்றும் அங்கேயே யோசிக்கப்பட்டுவிட்டது. மறுபடி எழுந்த பிறகு என்ன? நிரல்கள் தாங்கள் எதுவரை வந்தோம் என்பதை அவ்வப்போது நினைவகத்தில் குறித்துவைத்தன. மறுதொடக்கம் ஆனதும் அந்தக் குறிப்பிலிருந்து தொடர்ந்தன. 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 தரையிறங்கும்போது ஒலித்த 1201, 1202 எச்சரிக்கைகளை இந்த ஜாகா எழுப்பவில்லை. புதிய வேலையை வைக்க இடமில்லாமல் மென்பொருளே மறுதொடக்கம் கேட்டது. ஆனால் எழுந்தபின் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்ட ஏற்பாடு ஒன்றேதான். தரையிறங்குவது தடைப்படவில்லை. எழுந்திருக்கத் தெரியாத இயந்திரத்துக்குக் காவல்நாய் வைத்தால், மீண்டும் மீண்டும் கடி வாங்கும். வேறு பயன் இல்லை.

எழுதப்படாத சில வரிகள்

கால் நூற்றாண்டு கழித்து இன்னொரு அமெரிக்க விண்கலம் நிலாவுக்குப் போனது. 1994 ஜனவரி 25 அன்று ஏவப்பட்ட கிளமெண்டைன். நிலாவை இரண்டு மாதத்துக்கு மேல் படமெடுத்துவிட்டு, ஜியோகிராபோஸ் என்ற சிறுகோளை நோக்கிப் புறப்படத் தயாரானது. மே 7 அன்று அதன் கணினி குழம்பி, உந்துபொறிகளைத் திறந்துவிட்டது. சுமார் 11 நிமிடம். எரிபொருள் முழுதும் தீர்ந்து, கலம் நிமிடத்துக்கு 80 சுற்று வேகத்தில் சுழல ஆரம்பித்தது. சிறுகோள் பயணம் அதோடு முடிந்தது.

அந்தக் கணினியின் வன்பொருளில் காவல்நாய் இருந்தது. அதை இயக்குகிற மென்பொருளை எழுதத்தான் நேரமில்லாமல் போனது. நாயை வாங்கி, வாசலில் கட்டிப்போட்டு, சங்கிலியை அவிழ்க்காமலே விட்டது போலத்தான். பொறியியல் வரலாற்றில் எழுதப்பட்ட தவறான வரிகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எழுதப்படாமல் போன வரிகளுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

மூன்று ஆண்டு கழித்து இதற்கு நேர்மாறான கதை செவ்வாயில் நடந்தது. 1997 ஜூலை 4 அன்று இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர், சில நாட்களில் தானாகவே ரீசெட் ஆக ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய வேலை பாதியில் நின்றுபோனது. காரணம் ஒரு பூட்டு. வானிலைத் தரவைக் கையாளும் தாழ்ந்த முன்னுரிமை நிரல் ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. தரவுப் பாதையை நிர்வகிக்கும் உயர்ந்த நிரலுக்கு அதே பூட்டு தேவை. நடுத்தர நிரல்கள் குறுக்கே புகுந்து தாழ்ந்ததை ஓடவிடவில்லை. அறைச் சாவி கடைநிலை ஊழியர் கையில். மேலாளர் வாசலில் நிற்கிறார். நடுவில் குமாஸ்தாக்கள் ஊழியரை மடக்கி மடக்கி வேலை வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 125 மில்லி வினாடிக்கு ஒருமுறை சுற்றிவரும் சோதனை, 'முந்தைய சுற்று வேலை முடியவில்லையே' என்று கண்டு கலத்தை ரீசெட் செய்தது.

பூமியில் இருந்த நகல் கலத்தில் அதே பிழையை வரவழைத்துக் காரணத்தைப் பிடித்தார்கள். அதற்கான மருந்து ஏற்கெனவே இருந்தது. பூட்டை வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுத்துவிடுவது. 1990இல் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரை இதை முறைப்படுத்தியிருந்தது. ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். செவ்வாயில் இருந்த கலத்துக்குச் சிறு திருத்தம் அனுப்பப்பட்டது, ரீசெட் நின்றது. கிளமெண்டைனில் நாய் கட்டிக்கிடந்ததால் கலம் போனது. பாத்ஃபைண்டரில் நாய் கடித்துக்கொண்டே இருந்ததால் கலம் பிழைத்தது.

விடைபெறும் எழுத்து

லினக்ஸ் கெர்னலுக்குக் காவல்நாய் வந்தது 1990களின் நடுவில். பிரிட்டனைச் சேர்ந்த அலன் காக்ஸ், தொழிற்சாலைக் கணினிகளில் செருகும் ஒரு காவல்நாய் அட்டைக்கு இயக்கி எழுதினார். அட்டை வாங்க முடியாதவர்களுக்காக 1996இல் சாஃப்ட்டாக் என்று மென்பொருளாலேயே ஒரு நாயும் செய்தார். அது எல்லா நேரத்திலும் காப்பாற்றாது. கெர்னலே உறைந்துபோனால் அதற்குள் இருக்கும் நாயும் சேர்ந்து உறைந்துவிடும். தூங்குகிறவரையே 'தூங்கினால் எழுப்பு' என்று கேட்க முடியுமா? வன்பொருள் தேவைப்படுவது அதனால்தான்.

அந்த முதல் அட்டைக்கு வெப்பநிலையும் அளக்கத் தெரியும். காக்ஸ் அதை ஃபாரன்ஹீட்டில் தெரிவித்தார். உலகமே செல்சியஸில் பேசினாலும், லினக்ஸ் காவல்நாய் இடைமுகத்தில் வெப்பநிலை இன்றைக்கும் ஃபாரன்ஹீட்தான். இதைக் கேலி செய்யும் ஒரு குறிப்பு அந்த நிரல் கோப்பிலேயே இருக்கிறது. ஒரு முறை வெளியே கொடுத்த வாக்கைக் கெர்னல் மாற்றாது. அது விசுவாசமா பிடிவாதமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

லினக்ஸில் நாய் ஒரு கோப்பாகத் தெரியும். ஒரு பின்னணி நிரல் அந்தக் கோப்பைத் திறந்ததும் நாய் எண்ண ஆரம்பிக்கும். கோப்பில் எதை எழுதினாலும் அது சோறு. மூடினால் நாய் நிற்கும். சுலபமாகத் தெரிகிறது, சிக்கல் கடைசியில்தான். பின்னணி நிரல் செத்துப்போனால், அது திறந்துவைத்த கோப்புகளையெல்லாம் கெர்னலே மூடிவிடும். முறையாக விடைபெற்றுப் போனதா, மாண்டு விழுந்ததா என்று இயக்கிக்கு எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு வழக்கம் உருவானது. நாயை நிறுத்திவிட்டுப் போக விரும்பும் நிரல், மூடுவதற்கு முன் 'வி' என்ற ஆங்கில எழுத்தை எழுத வேண்டும். எழுதாமல் மூடினால் இயக்கி அதை மரணமாகவே எடுத்துக்கொள்ளும்; நாய் தொடர்ந்து எண்ணும். நம் வீடுகளில் 'போறேன்' என்று சொல்லக்கூடாது, 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது 'வர்றேன்' என்பதன் முதலெழுத்தாகவே தெரிகிறது. இன்னும் கறாரானவர்களுக்கு 'நோவேஅவுட்' என்று ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டுவிட்டால் விடைபெறும் எழுத்தும் செல்லாது. அவிழ்த்த நாயைக் கட்டவே முடியாது.

இயக்கிக்குள்

பல ஆண்டுகள் ஒவ்வொரு சில்லின் இயக்கியும் இந்தச் சடங்குகளையெல்லாம் தானே எழுதிக்கொண்டது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் நகலெடுத்தார். பிழையும் சேர்ந்தே வந்தது. 2011இல் விம் வான் செப்ரோக், காக்ஸின் முந்தைய முயற்சியையும் சேர்த்து, பொதுவானவற்றை ஒரே மையத்துக்குக் கொண்டுவந்தார். இப்போது இயக்கி எழுதுகிறவர் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். எப்படித் தொடங்குவது, எப்படி நிறுத்துவது, எப்படிச் சோறு வைப்பது, எத்தனை வினாடிவரை நாய் பொறுக்கும்.

ராஸ்பெர்ரி பையின் முதல் பலகைகளில் இருந்த சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் எண்ணி 20 பிட். ஒரு வினாடிக்கு 65,536 துடிப்பு. கணக்குப் போட்டால் 16 வினாடிக்குச் சற்றுக் குறைவு. அதனால் இயக்கி 15 வினாடியை உச்சமாக வைக்கிறது. அந்தப் பதிவகத்தில் எழுத வேண்டுமானால் மேல் எட்டு பிட்டில் பதினறும முறையில் 5ஏ என்ற கடவுச்சொல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதியது செல்லாது. திருடனைத் தடுக்க அல்ல. பித்துப்பிடித்துக் கண்ட இடத்தில் எழுதுகிற நிரல் தற்செயலாக நாயைக் கட்டிவிடக் கூடாது என்பதற்காக. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பலகையை நாம் முறையாக ரீபூட் செய்யும்போதும், இயக்கி 10 துடிப்பு, அதாவது சுமார் 150 மைக்ரோ வினாடி என்று எண்ணியை வைத்துவிட்டு, நாய் கடிக்கட்டும் என்று காத்திருக்கிறது.

சில்லு 15 வினாடிதான் பொறுக்கும், பின்னணி நிரலோ 60 வினாடி வேண்டும் என்கிறது. என்ன செய்வது? 2016இல் மையத்துக்கு ஒரு வசதி வந்தது. நடுவில் கெர்னலே நிரலின் சார்பில் சோறு வைக்கும். ஆனால் நிரல் கடைசியாக வந்து 60 வினாடி ஆகும்போது நாய் கடிக்கிற மாதிரி, சோற்றை நிறுத்திவிட வேண்டும். இடைத்தரகருக்கும் நேர்மை வேண்டும் என்பதை ஒரு கழித்தல் கணக்காக எழுதிவைத்திருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் அந்த நேர்மை உடனே வந்துவிடவில்லை. பல பலகைகளில் கெர்னல் எழுவதற்கு முன்பே பூட்லோடர் நாயை அவிழ்த்துவிடும். பின்னணி நிரல் வந்து பொறுப்பேற்கும்வரை கெர்னல் சோறு வைத்துக்கொண்டிருக்கும். அந்த நிரல் வரவே இல்லையென்றால்? கோப்பு முறைமை கெட்டுப்போய், மேலே எதுவுமே எழவில்லையென்றால்? கெர்னல் வைத்துக்கொண்டே இருக்கும். நாய் நிம்மதியாக இருக்கும். பெட்டி செத்துக் கிடக்கும். வாட்டர்ஃபால் ரயிலின் கால்மிதி மாதிரியேதான். இத்தனை வினாடிக்குள் யாரும் கோப்பைத் திறக்காவிட்டால் சோறு வைப்பதை நிறுத்து என்று சொல்லும் ஏற்பாடு 2019இல்தான் சேர்க்கப்பட்டது.

யார் கை?

2013இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் டொயோட்டா கேம்ரி விபத்து ஒன்றின் வழக்கு நடந்தது. வாதிகளின் தரப்பு நிபுணராக மைக்கேல் பார் சாட்சி சொன்னார். காரின் மென்பொருளில் காவல்நாய்க்குச் சோறு வைத்தது ஒரு டைமர் குறுக்கீடு; முக்கிய நிரல் ஒன்று செத்தாலும் குறுக்கீடு வந்துகொண்டேதான் இருக்கும், நாய்க்குத் தெரியாது என்பது அவர் வாதம். டொயோட்டா அதை மறுத்தது. 2011இல் நாசா செய்த ஆய்வும், தானாக வேகமெடுப்பதற்கு மின்னணுக் காரணம் இருப்பதாகக் கண்டறியவில்லை. ஜூரி வாதிகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிறகு இருதரப்பும் சமரசம் செய்துகொண்டன. விபத்தின் காரணம் பற்றிய சர்ச்சை ஒருபுறம் இருக்கட்டும். கடிகாரத் துடிப்பின் கையில் சோற்றுத்தட்டைக் கொடுக்கக்கூடாது என்பதில் இயக்கி எழுதுகிறவர்களுக்குள் சர்ச்சை இல்லை.

பிறகு யார் கையில் கொடுப்பது? நல்ல வடிவமைப்பில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்குவது போலச் செய்வார்கள். ஒவ்வொரு முக்கிய நிரலும் தன் சுற்று முடிந்ததும் ஒரு அடையாளம் போடும். எல்லா அடையாளமும் வந்து சேர்ந்தால்தான் சோறு. ஒரு வீடு கொடுக்கவில்லையென்றாலும் உலை ஏறாது. சில சில்லுகள் இன்னும் கண்டிப்பானவை. நேரத்துக்கு முன்னால் அவசரமாகச் சோறு வந்தாலும் கடிக்கும். அளவுக்கு மீறிய அக்கறையும் கோளாறின் அறிகுறிதானே.

எங்கள் பெட்டிகள் மழைநீர்க் கால்வாய் ஓரங்களில் நின்று நீர்மட்டம் அளப்பவை. விடிகாலை மூன்று மணிக்கு மழை கொட்டும்போது அங்கே போய் யாரும் பொத்தானை அழுத்தப்போவதில்லை. அந்த நேரத்துக்கு நாய்தான் துணை. ஆனால் நாயால் வருகிற ஆபத்தும் ஒன்று இருக்கிறது. கடித்து எழுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஒரு வாடிக்கையாளரிடம், இந்தப் பெட்டி வாரம் நான்கு முறை கடி வாங்குகிறது, காரணத்தைத் தேட இரண்டு வாரம் வேண்டும் என்றபோது, "அதான் தானா எழுந்திடுதே, விடுங்க" என்றார்கள். பாத்ஃபைண்டர் குழுவும் அப்படியே விட்டிருக்கலாம். அவர்கள் நகல் கலத்தின் முன் உட்கார்ந்து தேடினார்கள்.

'குரைக்கிற நாய் கடிக்காது' என்போம். கெர்னலில் முன்னெச்சரிக்கை என்று ஒரு வசதி இருக்கிறது. வன்பொருள் இடம்கொடுத்தால், கடிப்பதற்குச் சில வினாடி முன்னால் நாய் குரைக்கும். அந்த இடைவெளியில் கெர்னல் தன் நிலைமையைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். எழுந்த பிறகு, கடைசி ரீசெட் நாயால் வந்ததா என்று இயக்கியைக் கேட்கவும் ஒரு வழி உண்டு. புதிதாக ஓர் இயக்கி என் மேசைக்கு வரும்போது நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான். தொடங்குவதையும் நிறுத்துவதையும் எல்லாரும் ஒழுங்காக எழுதிவிடுகிறார்கள். ஏன் விழுந்தது என்று சொல்லும் வரிகளைத்தான், நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். கிளமெண்டைனுக்கும் நேரமில்லை என்றுதான் விட்டார்கள்.